ஹாஜரின் தோள்வார்

எங்கள் ஊரில் யார் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியும். என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றுதான் தெரியாது. அதற்கு என் புருஷன் இலியாஸ் காரணம். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தால் அவருக்குக் கை சுளுக்கிக்கொள்ளும். என் ஓரகத்தி ஹாஜர் வீடு அப்படியில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாலும் உப்பு ஜாடியை எடுத்துவிடலாம்.

அந்த ஹாஜரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவளைப் பற்றிச் சொன்னால் அவளுடைய புல்வெட்டும் மெஷினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஹாஜரின் புருஷன் ருஸ்தம் என் மூத்தார், இலியாஸின் அண்ணன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒரு முறை வருவார், துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் கிளம்பிவிடுவார். தோட்டம் ஹாஜர் தலையில். துருக்கியில் கிரெசுன் டவுனுக்கு மேலே எங்கள் இரண்டு குடும்பத்து ஹேசல் கொட்டைத் தோட்டங்களும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சரிவு என்றால் அப்படியொரு சரிவு. அங்கே கால் தவறினால் கருங்கடலில் போய்த்தான் எழுந்திருக்க வேண்டும். மழை ஓயாத ஊர் வேறு. புல்லும் பெரணியும் முள்ளுக்கொடியும் ஒரே வாரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். ஆகஸ்டில் காய் முற்றித் தானாகத் தரையில் உதிரும். அதற்குள் தரை சுத்தமாக வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் காயை எலிதான் பொறுக்கும்.

முதலில் ஆள் வைத்துத்தான் வெட்டினாள். வந்த ஆட்கள் நினைத்தபோது வந்தார்கள், புல்லோடு சேர்த்து நல்ல தளிர்களையும் சீவிவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் ஹாஜருக்கு வந்ததே கோபம்! காலையில் மினிபஸ்ஸில் டவுனுக்குப் போனவள் மத்தியானம் திரும்பி வந்தாள், மடியில் ஒரு மெஷினோடு. அதன் நீளக் குழாய் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"என்ன ஹாஜர், மீன் பிடிக்கக் கிளம்பிட்டியா?" என்று ஷாபான் கேட்டான். அவன்தான் அந்த டீக்கடையின் வாய்.

"இல்ல, வாய் நீளமா இருக்கிறவங்களைச் சீவுறதுக்கு" என்றாள் இவள். அன்றைக்கு அவன் டீ ஆறிப்போனது.

அதிலிருந்து எங்கள் மலையில் அந்தச் சத்தம்தான். தன் தோட்டத்தை வெட்டுவாள், பிறகு கூட்டு வேலை முறையில் என் தோட்டத்தை வெட்டுவாள், பதிலுக்கு நான் அவளுக்குக் காய் பறித்துக் கொடுப்பேன். உடம்பு முடியாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வெட்டிக் கொடுத்தாள். ஆள் குள்ளம், ஒல்லி. முகமூடித் தட்டைப் போட்டு, காதடைப்பை மாட்டி, முழங்கால் வரை தடித்த காலுறை கட்டிக்கொண்டு அவள் சரிவில் இறங்கினால் ஏதோ சண்டைக்குப் போகிறவள் போல் இருக்கும்.

வேலை முடிந்து அவள் அந்த மெஷினை வைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை டப்பாவில் ஊற்றிவிட்டு, குழாயில் நிற்கும் சொட்டும் தீர்ந்து தானாக அணைகிறவரை ஓடவிடுவாள். ஒட்டிய பச்சைச் சேற்றைச் சுரண்டித் துடைப்பாள். பிளேடைக் கழற்றி எண்ணெய் தடவிக் கம்பளித் துண்டில் சுற்றுவாள். நைலான் நரம்பு சுற்றிய உருளையை ஒரு வாளித் தண்ணீரில் போடுவாள். காய்ந்த நரம்பு மொடமொடவென்று ஒடியும், ஊறினால்தான் வளைந்து கொடுக்கும். பெட்ரோல் டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். அது வெளிப்படிக்கட்டுக்குக் கீழே, தகரப் பெட்டியில்.

மெஷின் தங்குவது வீட்டுக்கு அடியில், முன்பு பசு கட்டியிருந்த அறையில். அடுப்புக்கு ரொம்ப தூரம். அங்கே சுவரில் ஒரு மரமுளை, சரியாக அவள் தோள் உயரத்துக்கு அடித்தது. முளைக்கு முன்னால் போய் நின்று வாருக்குள் தோளை நுழைத்து முழங்காலை நிமிர்த்தினால் போதும், மெஷின் தானாக அவள்மேல் வந்து ஏறிக்கொள்ளும். முதுகு வளைய வேண்டாம். தோள்வாரில் அவளுக்கான துளைக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் தைத்து அடையாளம் வைத்திருந்தாள்.

"ஏன் அக்கா, இத்தனை பிளேடும் தட்டும் எதுக்கு? ஒரே பிளேடு போதாதா?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"உன் வீட்டுல நெத்திலி வெட்டுறதும் ரொட்டி அறுக்குறதும் ஒரே கத்தியாலயா?"

"ஆமா."

"அதான் உன் வீட்டு ரொட்டியில நெத்திலி நாத்தம் அடிக்குது."

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் எடுத்து எடுத்துக் காட்டியபோது பார்த்துக்கொண்டுதான் நின்றேன். செடியின் தூரைச் சுற்றி, கல்லும் புல்லும் கலந்த இடத்துக்கு நைலான் நரம்பு. கல்லில் பட்டால் அது தேயும், அவ்வளவுதான். முள்ளுக்கொடிக்கும் பெரணிக்கும் மூன்று முனை பிளேடு. கட்டைவிரல் அளவுக்குத் தடித்த தண்டுக்கு ரம்பப் பல் வட்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைப்புத் தட்டு, நரம்புக்கு அகலம், ரம்பத்துக்குச் சின்னது. அதை மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றுகிறவனை அவள் மனுஷக் கணக்கிலேயே சேர்க்கமாட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும். ஹேசல் ஒற்றை மரமாக வளராது. ஒரே தூரிலிருந்து ஏழெட்டுத் தண்டு கிளம்பும். அடியில் தளிர் வந்துகொண்டே இருக்கும், அவற்றை வெட்டிவிட வேண்டும். ஆனால் வயதான தண்டுக்குப் பதிலாக நிற்க ஒன்றிரண்டு நல்ல தளிரை விட்டுவைக்கவும் வேண்டும். ஹாஜர் விட்டுவைக்கிற தளிரில் வெள்ளைத் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவாள். எந்தத் துணி என்று அப்போது நான் கேட்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ருஸ்தம் மாமா கப்பல் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். ஹாஜர் கால் தரையில் படவில்லை. முகமெல்லாம் சிவப்பு. அவர் வந்ததும் வராததுமாகச் சமையலறையைக் கப்பல் மாதிரி மாற்றி அடுக்கினார், கரண்டிக்கெல்லாம் கொக்கி அடித்தார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஜன்னலோரம் நின்று கடலைப் பார்ப்பார், டீக்கடைக்குப் போவார், வருவார், மறுபடியும் கடலைப் பார்ப்பார்.

ஒரு நாள் டீக்கடையில் ஷாபான் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான்: "வா ருஸ்தம், உக்காரு. உங்க வீட்டு ஆம்பளை சவுக்கியமா? இன்னிக்கு யார் தோட்டத்துல புல்லு வெட்டுது?"

மாமா வீட்டுக்கு வந்தார். நானும் ஹாஜரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம்.

"இந்தா ஹாஜர், இனிமே மெஷின் எங்கிட்ட. நான் இருக்கும்போது நீ எதுக்குச் சரிவுல ஏறி இறங்கணும்? கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் உரித்த காயைச் சட்டியில் போட்டாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

அவர் நகர்ந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "என்ன சரிங்க? உன் வாய் எங்கே போச்சு? ஷாபானை ஒரு சொல்லுல உக்கார வெச்சவ, புருஷன்கிட்ட பூனையாயிட்டே!"

"அவர் முகத்தைப் பாத்தியா நிமெத்? கப்பலை விட்டு இறங்கின ஆளு, கால் இன்னும் தரையில பாவலை. கையில ஒண்ணும் இல்லாம வீட்டுக்குள்ளயே சுத்துறார். இத்தனை வருஷத்துல எங்கிட்ட அவர் கேட்டது இது ஒண்ணுதான். தரமாட்டேன்னு சொல்லுவேனா?"

"அப்போ உனக்கு?"

"மேல போய் மெஷினைப் போட்டுட்டா எனக்கு வேற ஒரு சத்தமும் கேக்காது. வீடு, கடை, மழை, எதுவும் கிடையாது. உன் சத்தம்கூடக் கேக்காது. புல்லு அப்படியே படுக்கும், பின்னாடி திரும்பிப் பாத்தா நான் வெட்டின பாதை. அது போச்சேன்னு வயிறு எரியுது, போ" என்றாள். கண் கலங்கிவிட்டது. "ஆனா அவர் முகம் வாடக் கூடாது. நீ வாயைத் திறந்தே, உன்னோட பேச்சு கிடையாது."

இப்படி வாயைக் கட்டினால் நான் என்ன செய்வேன்? அவரைக்காயை நார்நாராகக் கிழித்துப் போட்டேன்.

மாமா முதல் வேலையாக முளையைப் பிடுங்கித் தன் தோளுக்கு உயர்த்தி அடித்தார். தோள்வாரைக் கடைசித் துளைக்கு நீட்டினார். அதற்கப்புறம் அந்த அறை ஈரம் என்று கண்டுபிடித்தார்.

"உப்புக்காத்துல வாழ்ந்தவன் நான். துருவைப் பத்தி எனக்குத் தெரியும். இங்கே வெச்சா ரெண்டே மாசத்துல இரும்பு பொரிஞ்சு போகும்" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் மரக்களஞ்சியத்தில் வைத்தார். எங்கள் ஊரில் விலையுள்ள பொருள் எதுவும் அங்கேதான் போகும். உயரமான மரக்கால்கள் மேல் நிற்கும், எலி ஏறாமல் ஒவ்வொரு காலிலும் பெரிய மரத்தட்டு, பலகை இடுக்கில் காற்று வரும். அது அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் பொது. சோளம் அங்கே, வெங்காயம் அங்கே, ஹேசல் பருப்பும் அங்கே. டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, மெஷினைத் தலைகீழாக உத்தரத்தில் தொங்கவிட்டார்.

"டேங்கை மட்டும் காலி பண்ணிடலாமே?" என்றாள் ஹாஜர்.

"டேங்க் நெறைய இருந்தாத்தான் உள்ளே துரு பிடிக்காது. கப்பல்ல அப்படித்தான்."

"சரிங்க."

அவள் சொன்ன அந்தச் 'சரிங்க'வை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கப்பலே நிரம்பியிருக்கும்.

பனிக்காலத்தில் என் மகள் எல்வானைப் பெண் கேட்டு வந்தார்கள். மேல் ஊரிலிருந்து ஹிக்மத் என்பவர், மனைவியோடும் மகனோடும். எங்கள் பக்கம் ஹாஜரும் ருஸ்தம் மாமாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அன்றைக்குப் பார்த்துக் கடுமையான ஜலதோஷம். மூக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை. இலியாஸைக் களஞ்சியத்துக்கு அனுப்பி, உடைத்துச் சாக்குப்பையில் வைத்திருந்த நல்ல பருப்பைக் கொண்டுவரச் சொன்னேன். வறுத்துக் கிண்ணத்தில் கொட்டி வைத்தேன். எல்வான் காப்பி கொண்டுவந்தாள். வழக்கப்படி மாப்பிள்ளைப் பையன் கோப்பையில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவன் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்தான், கண்ணில் மட்டும் தண்ணீர். எங்களுக்கு மனசு குளிர்ந்தது.

ஹிக்மத் பருப்பை எடுத்து வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், என் புருஷனைப் பார்த்தார், மறுபடியும் மென்றார். பிறகு ஒவ்வொன்றாக, நிமிர்ந்து உட்கார்ந்து, கிண்ணத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டார். இவ்வளவு பிடித்துப்போயிற்றே என்று நான் இன்னும் கொஞ்சம் கொட்டினேன். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

அப்போதுதான் அவர் மனைவி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் கைக்குட்டையில் துப்பினாள்.

"என்னங்க இது! பெட்ரோல்!"

"தெரியும்" என்றார் ஹிக்மத்.

"தெரிஞ்சுமா தின்னீங்க?"

"பையனுக்கு உப்புக் காப்பி வெச்சாங்க. சரி, இந்த வீட்டுல அப்பனுக்கும் ஒரு சோதனை இருக்கும்போலன்னு நினைச்சேன். மகன் முகம் சுளிக்காம குடிக்கும்போது அப்பன் சுளிச்சா மானம் போயிடாதா?"

நான் நின்ற இடத்திலேயே செத்தேன். இலியாஸ் புத்திசாலி அல்லவா, உடனே எழுந்து, "அட, உத்தரத்துல தொங்குற மெஷின்தான்! மூடியில இருந்து சாக்கு மேல சொட்டியிருக்கு! நான்கூட எடுக்கும்போது வாசனை அடிச்சுது, இவங்க காரு போலன்னு விட்டுட்டேன்!" என்றார்.

"யாருங்க மெஷினைச் சோத்துப் பொருளோட வெச்சது?" என்று ஹிக்மத்தின் மனைவி கேட்டாள்.

ருஸ்தம் மாமா வாயைத் திறந்தார். அதற்குள் ஹாஜர், "நான்தான். புத்தி கெட்டுப்போய் வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றாள்.

ஊரிலேயே அந்த மெஷினைப் பிள்ளை மாதிரி எடுத்து வைக்கத் தெரிந்த ஒருத்தி! நான் வெடிக்கப் போனேன். அவள் என் கால்மேல் தன் காலை வைத்து அழுத்தினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் ஹிக்மத்துக்கு ஒரு ஏப்பம் வந்தது. "யாரும் பக்கத்துல தீக்குச்சி உரசாதீங்க" என்றார் மனுஷர். எல்லாரும் சிரித்த சிரிப்பில் சம்பந்தம் உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலையில் மாமா ஒருவரிடமும் பேசாமல் மெஷினைக் கீழறைக்கே கொண்டுவந்து மாட்டினார். டேங்கை மட்டும் காலி செய்யவில்லை. எந்த மனுஷன் ஒரே நாளில் திருந்தியிருக்கிறான்?

வசந்தம் வந்தது. மாமா மெஷினை வெளியே கொண்டுவந்து கயிற்றை இழுத்தார். மெஷின் இருமியது. மறுபடியும் இழுத்தார், அந்த இருமலும் இல்லை. பனிக்காலம் முழுக்கக் கிடந்த பெட்ரோல் பிசினாகக் கட்டியிருக்கும் என்று ஹாஜருக்குத் தெரியும், எனக்கே தெரியும். அவர் இழுத்து இழுத்துச் சட்டை நனைந்து, "வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு வந்து பாத்துக்கறேன்" என்று போனார்.

அவர் தலை மறைந்ததும் ஹாஜர் சட்டைக் கையை மடித்துவிட்டாள். "நிமெத், வாசல்ல நில்லு. யாராவது வந்தா இருமு."

கார்புரேட்டரைக் கழற்றினாள், புதுப் பெட்ரோலில் அலசினாள், பிளக்கைச் சுரண்டினாள், டேங்கை வடித்துப் புதிதாகக் கலந்து ஊற்றினாள். எத்தனை மாதமாயிற்று அவள் முகத்தில் அந்தக் களையைப் பார்த்து! உதட்டுக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை அவர் கண் முன்னாடி பண்ணினா என்னவாம்?"

"இருமச் சொன்னேன், பேசச் சொல்லலை."

மாமா வந்து கயிற்றை ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா ஹாஜர்! இழுக்கிற கை இழுத்தா ஏன் வராது?"

"மாஷா அல்லா" என்றாள் அவள். நான் முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இலியாஸிடம் காரணம் சொல்லாமலே ஒரு பாட்டம் சண்டை போட்டேன், அப்போதுதான் ஆறியது.

கோடையில் எங்கள் உயரத்து ஊர்களுக்குக் காய் பறிக்கும் தேதி அறிவித்தார்கள். அதற்குள் புல் வெட்டி முடிக்க வேண்டும். மாமா மெஷினோடு கிளம்பினார். ரம்பப் பல் வட்டைப் போட்டிருந்தார், மறைப்புத் தட்டு நரம்புக்கானது.

"இன்னிக்கு நரம்பு போதும்ங்க. மேல கல்லு ஜாஸ்தி" என்றாள் ஹாஜர்.

"நரம்பா? நான் என்ன மீன் பிடிக்கவா போறேன்? இரும்புன்னா ஒரு பயம் இருக்கும் பாரு, புல்லுக்கு."

நான் என் தோட்டத்து எல்லையில் கூடை பின்னிக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரம் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு 'டங்' என்றது. கல்லில் பட்டு ஒரு பல் தெறித்து, பேரிக்காய் மரத்தில் போய்க் குத்தி நின்றது. மாமா முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அந்த நேரமே மெஷினைக் கீழே வைத்திருக்க வேண்டும். வீம்பு விடுமா? பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

ஏறியவர் ஒரு தூருக்கு முன்னால் நின்றார். வெள்ளைத் துணி கட்டிய தளிரைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். வெட்ட வேண்டியதற்குத்தான் ஹாஜர் அடையாளம் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் மனுஷர்!

"மாமா! வேண்டாம்! மாமா!"

காதடைப்பு போட்டவருக்கு என்ன கேட்கும்? தளிர் சாய்ந்தது. அடுத்ததை நோக்கிப் போனார். என் காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி வீசினேன். இத்தனை வருஷம் இலியாஸைக் குறி பார்த்துப் பழகிய கை, தவறுமா? அவர் முகமூடித் தட்டில் சொத்தென்று விழுந்தது. மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா, பைத்தியமா உனக்கு?"

"பைத்தியம்தான்! துணி கட்டினது விட்டுவைக்க, வெட்டறதுக்கு இல்ல! சொந்தத் தோட்டம்! இதுகூடத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தோட்டத்தில் அவர் இருந்ததே இல்லையே.

ஹாஜர் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி வந்தாள். விழுந்து கிடந்த தளிரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குனிந்து துணியை அவிழ்த்தாள். மாமா அதைக் கையில் வாங்கினார். அதில் ஒரு பொத்தான் துளை இருந்தது, ஓரத்தில் நீல நூலில் கப்பல் பெயரின் பாதி எழுத்து.

"இது என் சமையல் ஏப்ரன்."

"ஆமா. பழசையெல்லாம் விட்டுட்டுப் போவீங்கல்ல. நீங்க கிளம்பிப் போற ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல தளிரா பாத்து விட்டுவைப்பேன். திரும்பி வரும்போது எவ்வளவு வளந்திருக்குன்னு பாக்கலாம்னு."

"இது?"

"கடைசியா போனீங்களே, அந்தத் தடவை." அவள் தூக்கின் மூடியைத் திறந்தாள். "விடுங்க, அடியில இருந்து நாலு கிளம்பும். வாங்க, சோறு ஆறுது."

மாமா அப்படியே சரிவில் உட்கார்ந்தார். தோள்வாரைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. "அன்னிக்கு அந்தப் பருப்புக்கு நீ ஏன் பழியை ஏத்துக்கிட்டே?" என்றார்.

"வெளியாளுங்க முன்னாடி உங்களை விட்டுக்கொடுப்பேனா?"

"கார்புரேட்டரையும் நீதானே கழட்டினே?"

ஹாஜர் திரும்பி என்னை முறைத்தாள். நான் பெற்ற பிள்ளை மேல் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

"திருகெல்லாம் பளபளன்னு துடைச்சிருந்துச்சு" என்றார் மாமா. "இந்த ஊர்ல திருகைத் துடைச்சு மாட்டுற ஆளு வேற யாரு?"

கொண்டுவந்த சோற்றைத் தூக்கோடு அப்படியே கீழே எடுத்துப் போனோம். சாயங்காலம் ஹாஜர் என் வீட்டுக்கு வந்து அந்தத் தளிருக்காக ஒரு மூச்சு அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் இலியாஸ் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை எங்கே என்று தெரியாமல் சர்க்கரை இல்லாமல்.

மறுநாள் காலையில் தயிருக்கு உறை வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். மேலே சமையலறையிலிருந்து சோள ரொட்டி வாசனை வந்துகொண்டிருந்தது. இந்த முறை என் மூக்கு நன்றாக வேலை செய்தது. ஹாஜர் கீழறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே போகாமல்.

"என்ன அக்கா?"

அவள் கையை மட்டும் காட்டினாள்.

உயரத்தில் அடித்திருந்த முளை அங்கே இல்லை. துளை மட்டும் இருந்தது. முளை கீழே பழைய இடத்தில் இருந்தது, அதில் மெஷின். பல் போன வட்டைத் தனியே ஒதுக்கி, 'இனி ஆகாது' என்று கரியால் எழுதியிருந்தது. மூன்று முனை பிளேடு எண்ணெய் தடவிக் கம்பளியில் சுற்றியிருந்தது. மெஷினின் நுனியில் நரம்பு உருளை, அதற்குரிய அகலத் தட்டோடு. பக்கத்தில் வாளியில் இன்னொரு உருளை ஊறிக்கொண்டிருந்தது. டேங்க் காலி. பெட்ரோல் டப்பா வெளிப்படிக்கட்டுக்குக் கீழே, தகரப் பெட்டியில்.

மாமா மேலிருந்து இறங்கி வந்தார். இடுப்பில் வெள்ளை ஏப்ரன், அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஏப்ரன். அதன் ஓரத்தில் நீளமாக ஒரு கிழிசலைக் காணோம். அது அவர் கையில் இருந்தது.

"மேல போகும்போது இதைக் கொண்டு போ. அந்தத் தூர்ல எது நல்ல தளிர்னு எனக்குத் தெரியாது, நீயே பாத்துக் கட்டு" என்றார். "காய் பறிக்க வர்ற ஆளுங்களுக்கெல்லாம் இந்த வருஷம் சமையல் என்னுது. ரொட்டி வெந்ததும் எடுத்துட்டு வரேன்."

"ஷாபான் கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

"விடியக்காலையிலேயே கேட்டுட்டான். சமையல்காரனை இன்ஜின் ரூமுக்குள்ள எந்தக் கப்பல்லயும் விடமாட்டாங்கடான்னு சொல்லிட்டு வந்தேன்." கொஞ்சம் யோசித்து, "அவன் தோட்டத்தையும் நீ வந்து வெட்டித் தரணுமாம். நான் முடியாதுன்னு சொல்லலை, முதல்ல இன்ஜினியரைக் கேக்கணும்னேன்" என்றார்.

ஹாஜர் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே கண் மறைத்துக்கொண்டு வந்தது. துணிக் கிழிசலை வாங்கி மடியில் செருகினாள். டேங்கில் அளவாக ஊற்றினாள், முகமூடியைப் போட்டாள், முளைக்கு முன்னால் போய் நின்றாள்.

தோளை உள்ளே நுழைத்தவள், வாரை இழுத்துச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. கொக்கி ஏற்கெனவே சிவப்பு நூல் துளையில் மாட்டியிருந்தது. முழங்காலை நிமிர்த்தினாள், மெஷின் அவள்மேல் ஏறி உட்கார்ந்தது.